பசுவிலிருந்து பிறந்த வினைச்சொல்

ஒரு சொல்லின் வரலாறு சில வேளைகளில் ஓர் அரசின் வரலாற்றைக் காட்டிலும் சுவையுடையதாய் அமைந்துவிடுகிறது. அரசுகள் எழுந்து வீழ்கின்றன. சொற்களோ பிறந்த வீட்டை மறந்து, புகுந்த வீடுகளில் புதுப்பொருள் பெற்று, நூற்றாண்டுகளைக் கடந்து நடமாடுகின்றன. அறிவியல் துறையில் வழங்கும் ஆங்கிலச் சொற்கள் பலவற்றுக்கு இது பெரிதும் பொருந்தும். அவற்றின் புறத்தோற்றம் புதுமை. வேரோ பண்டைய இலத்தீன் மொழியில் புதைந்து கிடப்பது.

அத்தகைய சொற்களுள் ஒன்று 'வாக்சினேட்' என்னும் வினைச்சொல். 'தடுப்பூசி போடு' என்று தமிழில் நாம் வழங்குவதையே ஆங்கிலம் இச்சொல்லால் குறிக்கின்றது. கோவிட் பெருந்தொற்றுப் பரவிய 2021ஆம் ஆண்டில் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இச்சொல் காதில் விழாத நாளே இல்லை எனலாம். நாளிதழ், வானொலி, பள்ளிக்கூடம், சந்தைக்கடை என எங்கும் இதே பேச்சு. ஆயினும் அச்சொல்லின் அடியில் ஒரு பசு நின்றுகொண்டிருப்பதை அறிந்தவர் மிகச் சிலரே.

இலத்தீன் மொழியில் 'வாக்கா' என்றால் பசு. 'வாக்சினுஸ்' என்பது 'பசுவுக்குரிய' என்னும் பெயரடை. ஆகவே 'வாக்சினேட்' என்பதன் வேர்ப்பொருள், 'பசுவுக்குரியதைச் செலுத்து' என்பதேயாம். நோய்க்கும் பசுவுக்கும் என்ன தொடர்பு? அத்தொடர்பு எவ்வாறு ஒரு வினைச்சொல்லாயிற்று? பசு மறைந்த பிறகும் அச்சொல் மட்டும் எவ்வாறு வாழ்ந்து வருகிறது? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒலியொப்புமை தரும் மயக்கம்

'வாக்கா' என்னும் சொல்லைக் கேட்டதும் 'பசு' என்பதோடு அதனை முடிச்சுப் போடும் ஆவல் நம்மவர்க்கு எழக்கூடும். அது பொருந்தாது. 'பசு' என்னும் வடசொல்லுக்கு இலத்தீனில் உள்ள உறவுச்சொல் 'பெக்குஸ்' என்பது. கால்நடையைக் குறித்த அப்பெயரிலிருந்தே பணத்தைக் குறிக்கும் 'பெக்கூனியா' என்னும் இலத்தீன் சொல் பிறந்தது. ஆநிரையே செல்வமாய் இருந்த காலத்தின் எச்சம் அது. தமிழிலும் 'மாடு' என்னும் சொல் செல்வம் என்னும் பொருளில் திருக்குறளில் ஆளப்பட்டிருப்பதை நாம் அறிவோம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு மொழிகள் ஒரே வாழ்க்கை நிலையிலிருந்து ஒரே பொருள் வளர்ச்சியை அடைந்துள்ளன. ஒலியை மட்டும் நம்பிச் சொல்லாராய்ச்சி செய்வோர் வழி தவறுவர்; வாழ்க்கையோடு சேர்த்துப் பார்ப்போர்க்கே உண்மை புலப்படும்.

கண்ணிலிருந்து பிறந்த மூத்த சொல்

'வாக்சினேட்' என்பதற்கு ஒரு மூத்த உடன்பிறப்பு உண்டு. 'இனாகுலேட்' என்பது அதன் பெயர். இலத்தீனில் 'ஓக்குலுஸ்' என்றால் கண். மரத்தின் அரும்புக்கும் உரோமானியர் அதே பெயரை வழங்கினர். ஒரு மரத்தின் அரும்பை எடுத்து, மற்றொரு மரத்தின் பட்டையைக் கீறி, அதனுள் பதித்து வைக்கும் தோட்டக்கலையை 'இனோக்குலாரே' என்றனர். அதாவது 'கண்ணை உள்ளே பதித்தல்'.

தமிழர்க்கு இவ்வழக்கு புதியதன்று. தேங்காய்க்குக் கண் உண்டு. கரும்பின் கணுவில் முளைக்கும் இடத்தையும் கண் என்றே சொல்கிறோம். முளைக்கும் இடத்தைக் கண்ணாகக் காண்பது உழவரின் பொதுவான பார்வை போலும். மலேசிய மண்ணில் இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர் ஒட்டுக்கட்டும் கலையை நன்கு அறிந்தவர்கள். மிகுந்த பால் தரும் மரத்தின் அரும்பைப் பட்டையோடு பெயர்த்து, இளங்கன்றின் தண்டில் கீறிய இடத்தில் பொருத்திக் கட்டுவர். இலத்தீன் அறியாத அத்தொழிலாளர் செய்தது, சொல்லின் நேர்ப்பொருளில் 'இனாகுலேட்' என்னும் வினையேயாகும்.

தோட்டத்துச் சொல் மருத்துவத்துக்குள் புகுந்தது பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அக்காலத்தில் உலகையே ஆட்டிப்படைத்தது பெரியம்மை. அந்நோய் கண்டோரில் பத்துப்பேருக்கு ஏறத்தாழ மூவர் மாண்டனர்; பிழைத்தோரில் பலர் வடுவோடும் சிலர் பார்வையிழந்தும் வாழ்ந்தனர். ஒருமுறை வந்தவர்க்கு மறுமுறை வாராது என்பதை மக்கள் தொன்றுதொட்டே கண்டறிந்திருந்தனர். எனவே, நோயின் கொப்புளத்திலிருந்து சிறிதளவு சீழை எடுத்து, நலமாயிருப்பவர் தோலைக் கீறி உட்செலுத்தும் வழக்கம் பல நாடுகளில் உருவாயிற்று. சீனர் உலர்ந்த பொருக்கைப் பொடித்து மூக்கினுள் ஊதினர். வங்காளத்தில் இதனைத் தொழிலாகவே செய்தவர் இருந்ததை ஹால்வெல் என்னும் ஆங்கிலேயர் 1767ஆம் ஆண்டில் விரிவாக எழுதியுள்ளார்.

துருக்கியில் ஆங்கிலத் தூதரின் மனைவியாக வாழ்ந்த மேரி வொர்ட்லி மாண்டேகு, 1717ஆம் ஆண்டில் எழுதிய மடலில் அந்நாட்டு மூதாட்டிகள் ஊசிகொண்டு இதனைச் செய்வதை விளக்கினார். அவர் அதனை 'ஒட்டுவைத்தல்' என்னும் தோட்டக்கலைச் சொல்லாலேயே குறித்தார். தாமே அம்மை வடுவைத் தாங்கிய அவர், 1718ஆம் ஆண்டில் தம் மகனுக்கும் 1721ஆம் ஆண்டில் இலண்டனில் தம் மகளுக்கும் அதனைச் செய்வித்தார்.

ஒரு மரத்தின் அரும்பு மற்றொன்றில் பதிந்து வளர்வது போல, ஒருவர் நோய் மற்றவர் உடலில் பதிந்து சிறிதளவு வளர்கிறது. உவமை பொருத்தமானதே. ஆனால் மரத்துக்குக் கிட்டுவது கனி, மனிதனுக்கோ நோய். இம்முறையில் செலுத்தப்பட்டது மெய்யான பெரியம்மையே ஆதலால், நூற்றுக்கு இருவர் மூவர் அதனாலேயே மாண்டனர். குத்திக்கொண்டவரிடமிருந்து பிறர்க்கும் நோய் பரவியது.

வினைக்கு வேண்டிய செயப்படுபொருள்

வினைச்சொல் என்றால் எழுவாயும் செயப்படுபொருளும் தேடுவது இலக்கண மரபு. யார் செய்தார், யாருக்குச் செய்தார் என்று கேட்டால் இவ்வினையின் மறைந்த பக்கம் வெளிப்படும்.

1721ஆம் ஆண்டில் இலண்டன் நியூகேட் சிறையில் தூக்குத்தண்டனை பெற்றிருந்த ஆண்கள் மூவர்க்கும் பெண்கள் மூவர்க்கும் சோதனையாக அம்மை குத்தப்பட்டது. பிழைத்தால் விடுதலை என்பது வாக்குறுதி. அறுவரும் பிழைத்தனர், விடுதலையும் பெற்றனர். அதன் பின்னரே, 1722ஆம் ஆண்டில், அரச குடும்பத்துச் சிறுமியர்க்கு அது செய்யப்பட்டது. அரண்மனைக்குச் செல்லும் வழி சிறைச்சாலையின் ஊடாகச் சென்றது.

அதே 1721ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெரியம்மை பரவியது. அங்குக் காட்டன் மேதர் என்னும் சமயப் போதகரின் வீட்டில் அடிமையாய் இருந்த ஒனேசிமஸ் என்னும் ஆப்பிரிக்கர், தம் நாட்டில் இம்முறை வழங்குவதையும் தமக்கே அது செய்யப்பட்டிருப்பதையும் முன்னரே எடுத்துரைத்திருந்தார். அதனைக் கேட்ட மேதரின் தூண்டுதலால் பாய்ல்ஸ்டன் என்னும் மருத்துவர் 240க்கு மேற்பட்டோர்க்கு அம்மை குத்தினார். அவர்களுள் அறுவர் இறந்தனர். அந்நகரில் இயல்பாக நோயுற்ற ஏறத்தாழ 5,900 பேரில் 844 பேர் மாண்டனர். நூற்றுக்கு இரண்டு எங்கே, பதினான்கு எங்கே! மருத்துவத்தின் பயனை எண்ணிக்கையால் அளந்துகாட்டிய தொடக்கச் சான்றுகளுள் இதுவும் ஒன்று. அறிவு கொடுத்தவன் அடிமையாயிருந்தான் என்பது அவ்வரலாற்றில் மறக்கவொண்ணாத செய்தி.

பசு வந்து சேர்ந்த கதை

இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில் பால் கறக்கும் பெண்களின் முகத்தில் அம்மை வடு அரிதாகவே காணப்பட்டது. பசுவின் மடியில் தோன்றும் ஒருவகைக் கொப்புள நோய் கறப்பவர் கையில் தொற்றும்; சில நாளில் ஆறிவிடும்; அவ்வாறு தொற்றியவரைப் பெரியம்மை அணுகுவதில்லை. இது உழவர் வாய்மொழியாக வழங்கிய அனுபவ அறிவு. 1774ஆம் ஆண்டிலேயே பெஞ்சமின் ஜெஸ்டி என்னும் உழவர், பசுவின் கொப்புளத்து நீரைத் தம் மனைவிக்கும் மைந்தர் இருவர்க்கும் குத்தியிருந்தார்.

இவ்வழக்கறிவைச் சோதித்து நூலாக்கிய பெருமை எட்வர்ட் ஜென்னருக்கு உரியது. 1749ஆம் ஆண்டில் பெர்க்லி என்னும் ஊரில் பிறந்த அவர், சிறுவயதில் பழைய முறைப்படி அம்மை குத்தப்பட்டவர். 1796ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள், சாரா நெல்ம்ஸ் என்னும் பால்காரப் பெண்ணின் கையிலிருந்த கொப்புளத்திலிருந்து நீரை எடுத்து, ஜேம்ஸ் பிப்ஸ் என்னும் எட்டு வயதுச் சிறுவனின் கையில் கீறிச் செலுத்தினார். அச்சிறுவன் தோட்டக்காரர் ஒருவரின் மகன். சூலை முதல் நாள் மெய்யான பெரியம்மைச் சீழையே அவனுக்குக் குத்திப் பார்த்தார், நோய் வரவில்லை. அன்று நோய் வந்திருக்குமாயின் அச்சிறுவனின் கதி என்னவாகியிருக்கும்? இன்றைய மருத்துவ அறம் இத்தகைய சோதனைக்கு இசைவு தராது. பயனை எண்ணி மகிழும்போது அந்த எட்டு வயதுக் கையையும் எண்ணுதல் நம் கடமை.

இரு ஆண்டுகளுக்குப் பின், 1798ஆம் ஆண்டில், ஜென்னர் தம் ஆய்வை நூலாக வெளியிட்டார். அதன் தலைப்பில் பசுவம்மைக்கு அவர் வைத்த பெயர் 'வாரியோலே வாக்சினே' என்பது. 'வாரியோலா' என்பது பெரியம்மையைக் குறித்த இடைக்கால இலத்தீன் சொல்; புள்ளிகளும் வேறுபாடுகளும் உடையதைக் குறிக்கும் 'வாரியுஸ்' என்னும் சொல்லோடு தொடர்புடையது என்பர். 'வாக்சினே' என்பது பசுவுக்குரியது. ஆக, 'பசுவின் அம்மை' என்பதே அத்தொடரின் பொருள்.

தொடக்கத்தில் இப்புதுமுறையைப் 'பசுவுக்குரிய இனாகுலேஷன்' என்று இரு சொற்களால் வழங்கினர். ஒட்டுக்கட்டும் கண்ணும் பால்தரும் பசுவும் ஒரே தொடரில் சேர்ந்து நின்றன. பிளிமத் நகரைச் சேர்ந்த ரிச்சர்ட் டன்னிங் என்னும் அறுவை மருத்துவர் 1800ஆம் ஆண்டில் அதனைச் சுருக்கி 'வாக்சினேஷன்' என்னும் ஒரே சொல்லை ஆக்கினார். பெயர்ச்சொல் பிறந்ததும் 'வாக்சினேட்' என்னும் வினைச்சொல்லும் வழக்கிற்கு வந்தது. கண் உதிர்ந்தது, பசு நிலைத்தது.

மூத்த சொல்லின் கதி இரங்கத்தக்கது. 1840ஆம் ஆண்டில் பிரித்தானிய நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், பெரியம்மைச் சீழையே குத்திச் செலுத்தும் பழைய முறையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஒரு நூற்றாண்டுக் காலம் மருத்துவமாய் விளங்கிய வினை குற்றவினையாய் முடிந்தது. எனினும் சொல் அழியவில்லை. தன் பழைய பொருளைத் துறந்து, எல்லாவகைத் தடுப்பூசிக்கும் உரிய பொதுச்சொல்லாய் உயிர் பிழைத்துக்கொண்டது.

சொல் எழுப்பிய அச்சம்

பெயர் தெளிவாயிருப்பதும் சில வேளை தீங்காகும். 'பசுவுக்குரியதைச் செலுத்துதல்' என்றதும் மனிதன் விலங்காகிவிடுவானோ என்னும் அச்சம் எழுந்தது. 1802ஆம் ஆண்டில் ஜேம்ஸ் கில்ரே வரைந்த கேலிச்சித்திரத்தில், ஊசி குத்திக்கொண்டவர்களின் முகத்திலும் கையிலும் சிறு பசுக்கள் முளைத்து நிற்கின்றன. சொல்லின் வேர்ப்பொருளே சித்திரமாயிற்று.

எதிர்ப்புக்கு அறியாமை மட்டும் காரணமன்று. அக்காலத்தில் ஒரு குழந்தையின் கையிலிருந்து மற்றொரு குழந்தையின் கைக்கு என அம்மைப்பால் எடுத்துச் செல்லப்பட்டது. அதனோடு வேறு நோய்களும் பரவின. 1861ஆம் ஆண்டில் இத்தாலியின் ரிவால்டா என்னும் ஊரில் இவ்வாறு குழந்தைகளுக்கு மேகநோய் தொற்றியது வரலாற்றில் பதிந்துள்ளது. இங்கிலாந்தில் 1853ஆம் ஆண்டுச் சட்டம் கைக்குழந்தைகளுக்கு அம்மை குத்துதலைக் கட்டாயமாக்கியபோது, தண்டத்துக்கு அஞ்சிய ஏழைகள் சினந்தனர். 1898ஆம் ஆண்டுச் சட்டம் மனச்சான்றின் பெயரால் மறுப்போர்க்கு விலக்களித்தது. கையிலிருந்து கைக்குச் செலுத்தும் முறையையும் நிறுத்தியது. மலாய்த் தீவுகளில் சுற்றி ஆராய்ந்த பேரறிஞர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ்கூட அவ்வாண்டில் இதனை எதிர்த்து நூல் எழுதினார். காந்தியடிகளும் தம் உடல்நல நூலில் எதிர்த்தே எழுதியுள்ளார். பெரியோர் கூறினும் எண்ணிக்கைச் சான்று அவர்கள் பக்கம் நிற்கவில்லை. ஆயினும், ஏழையின் ஐயத்தை ஏளனத்தால் வெல்லவியலாது, தூய்மையான மருந்தாலும் நேர்மையான விளக்கத்தாலுமே வெல்லவியலும் என்னும் பாடத்தை அந்நூற்றாண்டு கற்பித்தது.

கடல் கடந்த கைகள்

குளிர்சாதனம் இல்லாத காலத்தில் அம்மைப்பாலை வெகுதொலைவு கொண்டுசெல்வது எளிதாயிருக்கவில்லை. 1803ஆம் ஆண்டு நவம்பர் திங்களில் ஸ்பெயின் நாட்டிலிருந்து பால்மிஸ் என்னும் மருத்துவர் தலைமையில் புறப்பட்ட கப்பலில் 22 அனாதைச் சிறுவர்கள் இருந்தனர். ஒருவன் கொப்புளம் ஆறுமுன் அடுத்தவனுக்குக் குத்தி, உயிருள்ள சங்கிலியாகவே மருந்து அமெரிக்கக் கண்டத்துக்குக் கடத்தப்பட்டது. இந்தியாவுக்கு அது வியன்னா, கான்ஸ்டான்டினோபிள், பாக்தாத், பாஸ்ரா வழியாக வந்து சேர்ந்தது. 1802ஆம் ஆண்டு சூன் 14ஆம் நாள் பம்பாயில் ஆனா டஸ்ட்ஹால் என்னும் மூன்று வயதுச் சிறுமிக்குச் செலுத்தப்பட்டதே இந்தியாவில் முதன்முதல் வெற்றி பெற்றது. அவள் கையிலிருந்தே சென்னை உள்ளிட்ட பிற பகுதிகளுக்கும் அது பரவிற்று.

பசுவைப் போற்றும் நாடாதலால் பசுவின் மருந்தை இந்தியர் மகிழ்ந்து ஏற்பர் என்று ஆங்கில அதிகாரிகள் சிலர் கணக்கிட்டனர். கணக்கு பொய்த்தது. பிறர் உடலின் நீரைத் தம் உடலில் ஏற்கும் தயக்கமும், அம்மையைத் தெய்வத்தின் வருகையாகக் கருதும் நம்பிக்கையும் குறுக்கே நின்றன. பின்னர்க் கன்றிலிருந்து அம்மைப்பால் எடுக்கும் முறை வந்தது. சென்னைக் கிண்டியில் 1899ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கிங் நிலையம் அம்மைப்பால் தயாரிக்கும் பணியோடுதான் தோன்றியது.

மலாயாவுக்கு வந்த தமிழர்க்கும் இவ்வினைக்கும் நெருங்கிய தொடர்புண்டு. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த குடியேற்றக் கூடங்களில் தங்கி, உடற்சோதனைக்கு உட்பட்டு, அம்மை குத்திக்கொண்ட பிறகே நம் முன்னோர் கப்பலேறினர். வந்து இறங்கியோரைப் பினாங்குக்கு அருகிலுள்ள ஜெரெஜாக் தீவும் சிங்கப்பூரின் செயின்ட் ஜான் தீவும் ஒதுக்கி வைத்துச் சோதித்தன. தோட்டத்து முதியோர் பலரின் மேற்கையில் காணப்பட்ட வட்டத் தழும்பு, கங்காணியின் பேரேட்டில் பதியாத ஒரு வரலாற்றுப் பதிவாகும்.

வினையின் பொருள் விரிதல்

ஒரு நோய்க்கே உரியதாயிருந்த சொல்லை எல்லா நோய்க்கும் பொதுவாக்கியவர் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர். 1881ஆம் ஆண்டில் கால்நடைகளைத் தாக்கும் அடைப்பான் நோய்க்கு எதிரான மருந்தைப் பூய்லி-லெ-ஃபோர் என்னும் ஊரில் ஆடுகளுக்குச் செலுத்தி அவர் வெற்றி கண்டார். அவ்வாண்டு ஆகஸ்ட் திங்களில் இலண்டனில் நடைபெற்ற உலக மருத்துவ மாநாட்டில், ஜென்னரின் நினைவைப் போற்றும் வகையில் 'வாக்சின்', 'வாக்சினேஷன்' என்னும் சொற்களை எல்லாத் தடுப்பு மருந்துக்கும் வழங்குமாறு அவர் முன்மொழிந்தார். அன்று முதல் பசுவுக்குச் சற்றும் தொடர்பில்லாத மருந்துகளும் பசுவின் பெயரைத் தாங்கலாயின. 1885ஆம் ஆண்டில் வெறிநாய்க்கடிக்கு அவர் அளித்த மருத்துவத்துக்கும் அதே பெயர். தமிழகத்தில் குன்னூரில் 1907ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாஸ்டர் நிலையம் அந்நோய்க்கெனவே தோன்றியது.

இதனோடு சேர்த்து எண்ணத்தக்க மூன்றாவது வினைச்சொல் 'இம்யூனைஸ்' என்பது. இலத்தீனில் 'மூனுஸ்' என்றால் ஊருக்குச் செலுத்த வேண்டிய கடமை. வரியும் அதனுள் அடங்கும். 'இம்மூனிஸ்' என்றால் அக்கடமையிலிருந்து விலக்குப் பெற்றவன். நம் சோழர் காலக் கல்வெட்டுகளில் 'இறையிலி' என வருவதற்கு இது மிக நெருங்கிய சொல். நோய் கேட்கும் வரியைச் செலுத்தாமல் விடுபடும் இறையிலி நிலையே நோயெதிர்ப்பாற்றல். விந்தை யாதெனில், 'முனிசிபாலிட்டி' என்னும் சொல்லும் அதே 'மூனுஸ்' என்னும் வேரில் பிறந்தது. அது கடமையை ஏற்றுக்கொண்டோரின் ஊர். தடுப்பூசி போட்டுக்கொள்பவர் நோயின் வரியிலிருந்து விடுபடுகிறார். அதே வேளையில், ஊசி போடவியலாத கைக்குழந்தையையும் நோயாளியையும் காக்கும் ஊர்க்கடமையை ஏற்கிறார். விலக்கும் கடமையும் ஒரே வேரில் பின்னிக் கிடப்பது பொருத்தமே.

பசுவே இல்லாத பசுச்சொல்

வேரைத் தேடிச் சென்ற அறிவியல், பசுவின் உரிமைக்கே ஐயம் எழுப்பிவிட்டது. தடுப்பு மருந்தில் வழங்கிவந்த நுண்மமும் பசுவம்மையின் நுண்மமும் ஒன்றல்ல என்பதை 1939ஆம் ஆண்டில் ஆலன் டௌனி என்னும் அறிஞர் எடுத்துக்காட்டினார். 1902ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தயாரிக்கப்பட்ட மருந்தொன்றின் மரபுக் குறிப்பை ஆராய்ந்து 2017ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, அது குதிரையம்மை நுண்மத்துக்கு மிக நெருங்கியது என்று கண்டது. பசுவின் மடிக்கு இந்நோய் குதிரையின் காலிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று ஜென்னரே கருதியிருந்தார். உலகம் பசுவென்று பெயரிட்டுப் போற்றியது குதிரையின் கொடையாகவும் இருந்திருக்கலாம்!

ஆயினும் வினை தன் பணியைச் செய்து முடித்தது. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் ஏறத்தாழ 30 கோடிப் பேரைப் பெரியம்மை கொன்றதாக மதிப்பிடுவர். சிங்கப்பூரில் 1959ஆம் ஆண்டில் கடைசியாக அது தலைகாட்டியது. உலகச் சுகாதார நிறுவனம் 1967ஆம் ஆண்டில் தீவிர ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. இயல்பாகப் பரவிய நோயின் கடைசி நிகழ்வு 1977ஆம் ஆண்டில் சோமாலியாவில் காணப்பட்டது. 1980ஆம் ஆண்டு மே 8ஆம் நாள், உலகம் பெரியம்மையிலிருந்து விடுபட்டதென அறிவிக்கப்பட்டது. மனித நோய்களுள் மனிதன் முற்றாக ஒழித்தது இது ஒன்றே.

நம் மொழிகளின் வழி

தமிழர் இவ்வினையை எவ்வாறு பெயரிட்டனர் என்பதும் எண்ணத்தக்கது. முன்னாளில் 'அம்மை குத்துதல்' என்றனர். குத்தும் மருந்தை 'அம்மைப்பால்' என்றனர். நோயைத் தாயாகக் கண்ட மரபில், அவளுக்குரிய மருந்தும் பாலாயிற்று. மலாய் மொழியில் பெரியம்மைக்கு 'கெதும்புஹான்' என்று பெயர். முளைத்தல் என்னும் பொருளுடைய 'தும்புஹ்' என்பது அதன் அடி. அம்மை குத்துதலைத் 'தானாம் சாச்சார்', அதாவது 'அம்மையை நடுதல்', என்பதும் மலாய் வழக்கு. இலத்தீன் உழவன் கண்ணைப் பதித்தான். மலாய் உழவன் நாற்றாக நட்டான். தமிழன் தாய்ப்பாலாகக் கண்டான்.

பின்னர் நோய்கள் பலவாகவே 'அம்மை' என்னும் சொல் போதாதாயிற்று. 'தடுப்பூசி' என்னும் சொல் நிலைபெற்றது. இச்சொல்லை ஆக்கியோர் இலத்தீன் பசுவைத் தமிழில் கட்டியிழுத்து வரவில்லை. 'ஆவேற்றல்' என்றோ 'பசுவூட்டல்' என்றோ வேர்ப்பொருளை மொழிபெயர்த்திருந்தால் எவர்க்கும் விளங்கியிராது. செயலின் பயனை நோக்கினர். நோயைத் தடுக்கும் ஊசி என்றனர். கல்லாதவர்க்கும் கேட்ட மாத்திரத்தில் பொருள் புலப்படுகிறது. கலைச்சொல் ஆக்குவோர்க்கு இஃது ஒரு நல்வழிகாட்டி. அயற்சொல்லின் வேரை மதித்து அறிதல் வேண்டும்; ஆயின் அவ்வேரையே பெயர்த்து நம் மண்ணில் நட வேண்டும் என்பதில்லை.

அச்சொல்லுக்கும் எல்லை உண்டு. இளம்பிள்ளைவாதத்தைத் தடுக்க வாயில் விடும் சொட்டு மருந்துக்கு ஊசியே தேவையில்லை. எனவேதான் 'தடுப்பு மருந்து' என்னும் பொதுச்சொல்லும் உடன் வழங்குகிறது. நாளை ஊசியே வழக்கொழிந்து போனாலும் 'தடுப்பூசி' என்னும் சொல் நிலைக்கக் கூடும். அன்று நம் வழித்தோன்றல்கள், இன்று நாம் பசுவைத் தேடுவது போல, ஊசியைத் தேடிக்கொண்டிருப்பர்.

அறிவியல் சொற்களை மாணவர்க்குக் கற்பிப்போர் பொருளோடு நின்றுவிடாமல் வரலாற்றையும் சேர்த்துக் கற்பிப்பாராயின், மொழியறிவும் அறிவியலறிவும் ஒருங்கே வளரும். 'வாக்சினேட்' என்னும் ஒரு வினையில் உரோமானியரின் தொழுவம் உண்டு. துருக்கி மூதாட்டியின் ஊசி உண்டு. அடிமையாய் வாழ்ந்த ஆப்பிரிக்கரின் அறிவு உண்டு. தோட்டக்காரர் மகனின் கையும், கப்பலேறிய அனாதைச் சிறுவரின் கைகளும் உண்டு. நம் பாட்டன் பாட்டியரின் மேற்கையில் இருந்த அந்த வட்டத் தழும்பும் அவ்வரிசையில் சேர்ந்ததே. தழும்பைத் தாங்கியோரின் பெயர்களைப் பெரும்பாலும் வரலாறு குறித்து வைக்கவில்லை. அவர்கள் தாங்கியதன் பயனையோ இன்று உலகமே துய்க்கின்றது.